பெரிய கட்சியைத் திருத்துறதா, புதுசா ஆரம்பிக்கிறதா? முதல்ல சின்னத்துக்குக் கையெழுத்து யாரு போடுறான்னு பாருங்க

மம்டானி நியூயார்க் மேயரா ஜெயிச்ச வாரம் அக்கா மகன் எனக்கு ஒரு நாளைக்கு நாலஞ்சு வீடியோ அனுப்பிக்கிட்டே இருந்தான். மலேசியாவுல, பினாங்கு பட்டர்வொர்த்ல வளர்ந்த பையன், பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில டெக்னீஷியன், நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்காம இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கான் போல. கடைசியில ஒரு வாய்ஸ் மெசேஜ். "மாமா, வாடகையை ஏத்தாதே, பஸ்ஸை ஃப்ரீயா விடுன்னு பேசுற ஆளு அங்க ஜெயிக்கிறான், இங்க அதே பேச்சு பேசுறவங்களுக்கு டெபாசிட் கூட தேற மாட்டேங்குது, ஏன் மாமா? இவங்க எல்லாம் பேசாம பெரிய கட்சிக்குள்ள போயி அதைத் திருத்தலாம்ல, இல்லாட்டி எல்லாரையும் சேத்து புதுசா ஒண்ணு ஆரம்பிக்கலாம்ல?"

வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்ற கேள்வி இல்ல இது, அதான் எழுதுறேன். நீளமா போகும், ஒரு தே தாரேக் போட்டுக்கிட்டு உக்காருங்க.

மொதல்ல மம்டானி எப்படி உள்ள வந்தாருன்னு பாத்துடலாம், ஏன்னா அதுலதான் பாதி பதில் இருக்கு. அவரு ஜனநாயக சோசலிஸ்ட் அமைப்புல உள்ள ஆளு, அப்ப குவீன்ஸ் பக்கம் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரா இருந்தாரு, ஆனா மேயர் தேர்தல்ல நின்னது டெமாக்ரட் கட்சி வேட்பாளரா. கட்சிப் பெரிய தலைங்க நிறைய பேரு முன்னாள் கவர்னர் கூமோ பக்கம் நின்னாங்க. ஆனா அங்க பெரிய தலைங்களால அவரை நிறுத்த முடியாது, ஏன்னா வேட்பாளர் யாருன்னு முடிவு பண்றது தலைவர் இல்ல, ஒரு தேர்தல். பிரைமரின்னு சொல்வாங்க. கொஞ்சம் ஆயிரம் பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டா உங்க பேரு சீட்டுல வந்துரும், டெமாக்ரட்னு பேரு பதிஞ்ச வாக்காளர் யாரு வேணும்னாலும் ஓட்டுப் போடலாம், அதை நடத்துறதும் தேர்தல் போர்டு, கட்சி ஆபீஸ் இல்ல. மெம்பர் ஃபாரம், சந்தா, கிளைத் தலைவர் வீட்டுக்குத் தீபாவளிக்குப் பலகாரத்தோட போறது, இதெல்லாம் கிடையாது. 2025 ஜூன்ல அந்தப் பிரைமரியில கூமோவைத் தோக்கடிச்சாரு, நவம்பர்ல சுயேச்சையா வந்த அதே கூமோவை மறுபடியும் தோக்கடிச்சாரு.

இன்னொரு வினோதமும் உண்டு, நம்ம ஆளுங்க இதைக் கவனிக்கிறதே இல்ல. நியூயார்க் சட்டத்துல ஒரே ஆளு ஓட்டுச் சீட்டுல ரெண்டு கட்சிப் பேர்ல வரலாம். ஒர்க்கிங் ஃபேமிலீஸ் பார்ட்டின்னு ஒரு சின்ன கட்சி இருக்கு, 1998ல ஆரம்பிச்சது, தொழிற்சங்கக்காரங்களும் சமூக அமைப்புகளும் சேந்து. மம்டானி பேரு டெமாக்ரட் வரிசையிலயும் இருந்துச்சு, இவங்க வரிசையிலயும் இருந்துச்சு. டெமாக்ரட் மேல கடுப்பா இருக்கிறவன் இந்த வரிசையில குத்தலாம், ஓட்டு ஒரே ஆளுக்குத்தான் போகும், வீணாகாது. அப்ப பாருங்க, அங்க பெரிய கட்சியைத் திருத்துறதும் தனிக் கட்சி நடத்துறதும் ஒரே நாள்ல ஒரே சீட்டுல நடக்குது. சண்டையே இல்ல.

இங்க வருவோம். அதே 1998ல நம்ம நாட்டுலயும் ஒரு கட்சி ஆரம்பிச்சாங்க, மலேசிய சோசலிசக் கட்சி, பி.எஸ்.எம். தோட்டத் தொழிலாளர்கள், புறம்போக்குக் குடியிருப்புக்காரங்க, ஃபேக்டரி ஆளுங்க நடுவுல வருசக்கணக்கா வேலை செஞ்ச குழுக்கள் சேந்து ஆரம்பிச்சது. சங்கப் பதிவிலாகா அனுமதி கொடுக்கல, கோர்ட் கேஸ்னு இழுத்து கடைசியா அனுமதி வந்தது 2008ல. பத்து வருசம்! ஒரு பையன் ஸ்டாண்டர்ட் ஒண்ணுல சேந்து ஃபாரம் ஃபைவ் போயிருப்பான். அது வரைக்கும் சட்டப்படி இந்தக் கட்சி இல்ல, இல்லாத கட்சிக்குச் சின்னம் ஏது?

அதனால டாக்டர் ஜெயக்குமார் 2008 மார்ச்ல சுங்கை சிப்புட்ல நின்னப்ப அன்வார் கட்சியான பி.கே.ஆர் சின்னத்துல நின்னாரு. எதிர்ல சாமிவேலு, 1979ல இருந்து ம.இ.கா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், தொகுதியே அவரு வீட்டுக் கொல்லை மாதிரி. 1,821 ஓட்டு வித்தியாசத்துல ஜெயக்குமார் ஜெயிச்சாரு. 2013லயும் அதே சின்னம், அதே தொகுதி, மறுபடியும் ஜெயிச்சாரு. 2018ல பி.கே.ஆர் இருந்த பக்காத்தான் கூட்டணியோட பேச்சு சரிவரல, பி.எஸ்.எம் தன் சொந்தச் சின்னத்துல 16 இடத்துல இறங்குச்சு, நாடு முழுக்க ஆட்சி மாத்தம் அலை அடிச்ச தேர்தல் அது, பி.கே.ஆர் அங்க தன் ஆளையே நிறுத்துச்சு. பத்து வருசம் எம்.பி.யா இருந்து, தொகுதியில தெருத் தெருவா தெரிஞ்ச மனுசன், ஏழை ஆளுங்க கேஸுக்கு எல்லாம் ஆபீஸ் ஆபீஸா நடந்த டாக்டர், அவருக்கு விழுந்தது ஒண்ணரை ஆயிரம் ஓட்டு பக்கம். டெபாசிட் போச்சு.

அதே ஆளு, அதே ஊரு, அதே வேலை. மாறுனது சீட்டுல இருந்த படம் மட்டும்தான். இதை நான் அக்கா மகன்கிட்ட சொன்னப்ப அவன் கொஞ்ச நேரம் பேசல.

அந்த டெபாசிட் கணக்கையும் சொல்லிடுறேன். நாடாளுமன்றத்துக்கு 10,000 வெள்ளி, சட்டமன்றத்துக்கு 5,000. போட்ட ஓட்டுல எட்டுல ஒரு பங்கு வரலன்னா பணம் அரசாங்கத்துக்கு. பெரிய கட்சிக்கு இது ஒரு டின்னர்ல வர்ற காசு, தோட்டத்துக்காரங்ககிட்ட அஞ்சு பத்துன்னு வசூல் பண்ற கட்சிக்கு அது ஒரு வருச ஆபீஸ் வாடகை. 2023 மாநிலத் தேர்தல்ல மூடா கட்சி 19 இடத்துல நின்னு 19லயும் டெபாசிட்டை விட்டுச்சு. மூடா ஒண்ணும் சின்னப் பேர் இல்ல, சைட் சாடிக் ஆரம்பிச்சது, இன்ஸ்டாகிராம்ல அவங்களைப் பாத்தா அடுத்த அரசாங்கமே அவங்கதான்னு தோணும்.

தொகுதிக்கு ஒருத்தர், யாருக்கு ஒரு ஓட்டு கூடவோ அவரு ஜெயிச்சாரு, இந்த முறையை வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனான், அவன் ஊர்லயும் இதே கதைதான். 1981ல லேபர் கட்சியில இருந்து நாலு பெரிய ஆளுங்க பிரிஞ்சு சோசியல் டெமாக்ரட்னு புதுக்கட்சி ஆரம்பிச்சாங்க, லிபரல் கட்சியோட கூட்டு வெச்சாங்க. 1983 தேர்தல்ல அந்தக் கூட்டணிக்கு 25.4 விழுக்காடு ஓட்டு, லேபருக்கு 27.6. வித்தியாசம் ரெண்டு விழுக்காடு சொச்சம். ஆனா இடம்? லேபருக்கு 209, இவங்களுக்கு 23. ஓட்டு நாடு முழுக்க சீராப் பரவி இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல, ஒரு இடத்துல குவிஞ்சு இருக்கணும். நம்ம 2013 தேர்தலும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான், பக்காத்தானுக்கு பாதிக்கு மேல ஓட்டு, 89 இடம், அப்ப ஆண்ட தேசிய முன்னணிக்கு 133.

மலேசிய இந்தியனுக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். நாம எங்கயுமே குவிஞ்சு இல்ல. 222 நாடாளுமன்றத் தொகுதியில நாம பெரும்பான்மையா இருக்கிற தொகுதி ஒண்ணு கூட கிடையாது. அதனாலதான் இந்தியர் பிரச்சனைன்னு தனிக் கட்சி ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கடைசியில யாரு வீட்டுத் திண்ணையிலயாவது போயி உக்காருறாங்க. பண்டிதன் 1988ல ம.இ.கா.வுல இருந்து நீக்கப்பட்டு 1990ல ஐ.பி.எஃப் ஆரம்பிச்சாரு, ஆளு பலம் இருந்துச்சு, கூட்டம் சேந்துச்சு, அப்புறம் வருசக்கணக்கா தேசிய முன்னணிக்கு வெளிய நின்னு ஆதரவு கொடுத்தாங்க, உள்ள சேத்துக்கவே இல்ல. கல்யாண வீட்டுல வேலை செய்வாங்க, பந்தியில இடம் கிடையாது.

சரி, அப்ப உள்ள போயி திருத்துறதுதான் வழியான்னு கேப்பீங்க.

என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்றேன், கட்சி பேரு வேணாம். 2008க்கு அப்புறம் ஒரு ஆர்வத்துல நானும் ஒரு கட்சியில சேந்தேன். பிளாட்ல உள்ள பையன்களையும் சேத்து முப்பது நாப்பது ஃபாரம் நிரப்பிக் கொடுத்தோம், ஐ.சி காப்பி எல்லாம் ஒட்டி, சந்தா காசோட. கிளைக் கூட்டம் வந்தப்ப லிஸ்ட்ல எங்க பேரு ஆறே ஆறு. மீதி ஃபாரம் "மேல போயிருக்கு, இன்னும் வரல" அப்படின்னாங்க. ரெண்டு வருசம் கழிச்சும் மேலதான் இருந்துச்சு. அதே நேரத்துல கூட்டத்தன்னிக்கு ஒரு வேன்ல ஆளுங்க வந்து இறங்குனாங்க, அவங்களுக்கு இந்தத் தொகுதி எங்க இருக்குன்னே தெரியாது, ஆனா லிஸ்ட்ல பேரு இருந்துச்சு. அன்னிக்கு நாங்க கோவப்பட்டோம், சண்டை போட்டோம். இப்ப யோசிச்சா அவங்க செஞ்சது கட்சிக் கணக்குல ரொம்ப இயல்பு. கிளையைப் பிடிச்சவன் டிவிஷனைப் பிடிப்பான், டிவிஷனைப் பிடிச்சவன் மேல பேரம் பேசுவான். புதுசா நாப்பது பேரு வந்தா அந்தக் கணக்கு ஆடிப்போயிடும்.

இதுல இன்னொரு விசயம். கிளையை முழுசாப் பிடிச்சாலும் நம்ம ஊர்ல வேட்பாளரை கிளை தேர்ந்தெடுக்கிறது இல்ல. நாமினேஷனுக்கு முன்னாடி கட்சித் தலைமை ஒரு கடிதம் கொடுக்கும், மலாய்ல 'வத்திக்கா' அப்படின்னு சொல்வாங்க, இந்த ஆளு எங்க சின்னத்துல நிக்கலாம்னு. அந்தக் கடிதம் யாரு கையில இருக்கோ அவங்கதான் வேட்பாளர். பதினஞ்சு வருசம் பினாங்குல துணை முதலமைச்சரா இருந்த பேராசிரியர் ராமசாமிக்கு 2023ல அவரு கட்சியான ஜ.செ.க (ஜனநாயக செயல் கட்சி) அந்தக் கடிதத்தைக் கொடுக்கல. அவரை ஓட்டுப் போட்டு யாரும் தோக்கடிக்கல, கட்சி உறுப்பினர்கள் யாரும் அவரு வேணாம்னு கை தூக்கல, லிஸ்ட்ல பேரு இல்ல, அவ்வளவுதான். (அவரு மேல எனக்கு விமர்சனம் உண்டு, அது வேற கதை.) கட்சியை விட்டு விலகி உரிமைன்னு ஒரு கட்சி ஆரம்பிச்சாரு, பதிவிலாகா மறுத்துடுச்சு. உள்ள இருந்தப்ப கையெழுத்து இன்னொருத்தர் கையில, வெளிய வந்தா அந்தக் கையெழுத்து பதிவிலாகா கையில. ரெண்டு பக்கமும் கேட்டு, ரெண்டு கேட்டுலயும் காவலாளி.

பி.கே.ஆர் 2010ல உறுப்பினர் ஒவ்வொருத்தரும் நேரடியா ஓட்டுப் போட்டு தலைமையைத் தேர்ந்தெடுக்கிற முறையைக் கொண்டு வந்துச்சு, அப்ப அது பெரிய விசயம், அதுல கலாட்டாவும் இருந்துச்சு நாற்காலியும் பறந்துச்சு, ஆனாலும் கதவு கொஞ்சம் திறந்துச்சு. 2025ல மத்தியத் தலைமைக்குப் பேராளர்கள் மட்டும் ஓட்டுப் போடுற முறைக்குப் போயிட்டாங்க. அப்ப பொருளாதார மந்திரியா இருந்த ரஃபிசி துணைத் தலைவர் பதவிக்கு நூருல் இசாகிட்ட 9,803க்கு 3,866ன்னு தோத்து, மந்திரி பதவியையும் விட்டாரு. ரஃபிசி முற்போக்கா இல்லையாங்கிறது இருக்கட்டும் (எண்ணெய் மானியம் பத்தி அவரு பேசுறதை என் வீட்டம்மாகிட்ட சொன்னா எனக்கு அன்னிக்கு சோறு கிடையாது). நான் சொல்ல வர்றது கதவைப் பத்தி. கதவைத் திறக்கிறவங்களாலயே அதைச் சாத்தவும் முடியும்.

பிரிட்டன்ல கோர்பின் கதை இதுக்கு நல்ல உதாரணம். 2015ல லேபர் கட்சி, மூணு பவுண்ட் கொடுத்து ஆதரவாளரா பதிஞ்சாலே தலைவர் தேர்தல்ல ஓட்டுன்னு விட்டுச்சு, ஜனங்க கூட்டம் கூட்டமா வந்து யாரும் எதிர்பாக்காத ஆளைத் தலைவராக்கிட்டாங்க. அடுத்த வருசமே அந்த மூணு பவுண்ட் 25 ஆயிடுச்சு. 2019 தோல்விக்கு அப்புறம் புதுத் தலைமை வந்து, கடைசியில கோர்பினுக்கே அவரு 1983ல இருந்து ஜெயிச்ச இஸ்லிங்டன் நார்த்ல டிக்கெட் இல்லன்னாங்க. அவரு 2024ல சுயேச்சையா நின்னு ஜெயிச்சாரு. நாப்பது வருசம் அந்தத் தெருவுல நடந்ததுக்கு வந்த ஓட்டு அது, அதை வெச்சு சுயேச்சையா நின்னா நாமளும் ஜெயிக்கலாம்னு யாரும் கணக்குப் போட வேணாம், சுங்கை சிப்புட்டை நினைச்சுக்கோங்க.

இப்ப பினாங்கு கதைக்கு வர்றேன், இது எனக்குப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

ஸ்காட் ரோடுன்னு பழைய ஆளுங்க சொல்ற ரோட்டுக்கு இப்ப பேரு ஜாலான் டி.எஸ். ராமநாதன். அந்தப் பக்கம் போற நம்ம பசங்க எத்தனை பேருக்கு அவரு யாருன்னு தெரியும்? ஸ்கூல் வாத்தியார், மலாயா தொழிலாளர் கட்சிக்காரர், 1957ல ஜார்ஜ்டவுனோட முதல் மேயர். ஒரு தமிழன், சோசலிஸ்ட், சீனங்க பெரும்பான்மையா இருக்கிற ஊருக்கு மேயர், அதுவும் சுதந்திரம் வாங்குன அதே வருசம். அப்ப ஊராட்சித் தேர்தல் இருந்துச்சு. தொழிலாளர் கட்சி மாதிரி ஒரு சின்னக் கட்சி நகர மன்றத்துல வளந்து, குப்பை, தண்ணி, பஸ், சந்தைன்னு வேலையைக் காட்டி அதுக்கு அப்புறம் மேல ஏற முடிஞ்சுச்சு. ஈப்போவுல சீனிவாசகம் சகோதரர்கள் மக்கள் முற்போக்குக் கட்சியை வளத்ததும் அப்படித்தான். பேர்லயே முற்போக்கு இருக்கு பாருங்க, அந்தக் கட்சி அப்புறம் தேசிய முன்னணிக்குள்ள போயி 1974ல ஒரே ஒரு எம்.பி.யோட வந்து நின்னுச்சு.

1965ல கொன்ஃபிரன்டாசி, அதாவது இந்தோனேசியாவோட மோதல் நேரம்னு சொல்லி ஊராட்சித் தேர்தலை நிறுத்துனாங்க. தற்காலிகம்னாங்க. 1976 சட்டத்துல ஒரேயடியா எடுத்துட்டாங்க. இன்னிக்கு மாநகர் மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்குது, ஆளுங்கட்சிக்காரங்களுக்குப் பங்கு போட்டு. பினாங்கு அரசாங்கம் 2012ல சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டு வரப் பாத்துச்சு, கூட்டரசு நீதிமன்றம் 2014ல முடியாதுன்னுடுச்சு. நாத்தங்கால் இல்லாம நேரா வயல்ல நடுன்னா எப்படி? புதுக் கட்சி ஜெயிக்கல ஜெயிக்கலன்னு சிரிக்கிறவங்க இதைப் பேசறதே இல்ல. புதுக் கட்சி வளர்ற இடத்தை அறுவது வருசமா பூட்டி வெச்சுருக்கோம், அப்புறம் முதல் தேர்தலே நாடாளுமன்றம், முதல் டெபாசிட்டே பத்தாயிரம்.

தொழிலாளர் கட்சி 1969 தேர்தலைப் புறக்கணிச்சுச்சு, 1972ல பதிவும் போச்சு. அந்த ஓட்டு எங்க போச்சு? கெராக்கானுக்கு. 1968ல லிம் சொங் இயூ, டாக்டர் டான் சீ கூன், பேராசிரியர் சைட் ஹுசேன் அலத்தாஸ் எல்லாம் சேந்து ஆரம்பிச்ச புதுக் கட்சி, இனம் பாக்காத கட்சின்னு. ஒரே வருசத்துல பினாங்கு சட்டமன்றத்துல 24ல 16 இடம்! புதுக் கட்சி ஆட்சியைப் பிடிச்ச கதை நம்ம ஊர்லயே இருக்கு. ஆனா அடுத்த மூணு வருசத்துலயே 1972ல நாட்டை ஆண்ட கூட்டணிக்காரங்களோட கைகோத்துட்டாங்க, டான் சீ கூன் பிரிஞ்சு போயி பெக்கேமாஸ்னு இன்னொரு புதுசு, 1974ல அதுக்குக் கிடைச்சது அவரு இடம் ஒண்ணு மட்டும். கெராக்கான் 2008 வரைக்கும் பினாங்கை ஆண்டுச்சு, ஃபேக்டரி வந்துச்சு, வேலை வந்துச்சு, என் அக்கா மகன் சோறு தின்றதே அதுல வந்த பாயான் லெப்பாஸ்ல, அதை மறுக்கல. ஆனா எதை மாத்தணும்னு ஆரம்பிச்சாங்களோ அதுக்குள்ளேயே ஒரு அறை எடுத்துக்கிட்டாங்க. 2008ல சட்டமன்றத்துல ஒரு இடம் கூட மிஞ்சல.

இந்தக் கதை முழுக்க நடந்து போன ஒரு தமிழர் இருக்காரு, வி. டேவிட், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கப் பொதுச் செயலாளர். 1959ல சோசலிச முன்னணி பேர்ல பங்சார் எம்.பி. அப்புறம் கெராக்கான் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், பினாங்குல எம்.பி. அப்புறம் ஜ.செ.க எம்.பி. 1987 ஓப்பராசி லாலாங் கைது வேட்டையில உள்ள போனாரு. கட்சி தாவுனாருன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது அப்படித் தோணல. அவரு சங்கத்தை விட்டுத் தாவவே இல்லயே. லாரி டிரைவரும் பஸ் கண்டக்டரும் அவரு பின்னாடி இருந்தாங்க, கட்சிங்க மாறி மாறி வந்து அவருக்குச் சின்னம் கொடுத்துச்சுங்க.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு அந்த "உள்ளயா வெளியயா" கேள்வியே பின்னாடி போயிடுது. எங்க எல்லாம் ஜெயிச்சுருக்காங்களோ அங்க எல்லாம் கட்சிக்கு முன்னாடியே ஒரு கூட்டம் தயாரா இருந்துருக்கு. தமிழ்நாட்டுல எம்.ஜி.ஆர் 1972ல தி.மு.க.வுல இருந்து நீக்கப்பட்டு, ஏழே மாசத்துல திண்டுக்கல் இடைத்தேர்தல், 1977ல ஆட்சி. எங்க ஊர்க் கடையில இதைச் சொல்லி சொல்லியே பல பேரு புதுக் கட்சிக் கனவு காணுறாங்க. அவரு புதுசா எதுவும் கட்டல தலைவா, ஊர் ஊரா ரசிகர் மன்றம் ஏற்கனவே நின்னுச்சு, கொடியை மாத்துனாரு. அமானாவும் அப்படித்தான். 2015 ஜூன்ல பாஸ்ங்கிற இஸ்லாமியக் கட்சி மாநாட்டுல முற்போக்கு அணி மொத்தமா தோத்துச்சு, வெளிய வந்து புதுக் கட்சிக்கு விண்ணப்பம் போட்டா நிராகரிப்பு, அப்புறம் தூங்கிக்கிட்டு இருந்த மலேசிய தொழிலாளர் கட்சின்னு ஒரு பழைய பதிவை எடுத்து பேரை மாத்தி அமானா ஆக்குனாங்க. 2018ல 11 எம்.பி. பழைய வீட்ல இருந்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க, அதோட பக்காத்தான் கூட்டணி அவங்களுக்குத் தொகுதி ஒதுக்கிக் கொடுத்துச்சு. இந்த ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் அமானா இன்னொரு மூடாதான்.

ஆனா அமானா வழி இப்ப அப்படியே நடக்காது. 2022 அக்டோபர்ல இருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கு. எந்தக் கட்சி ஆளா ஜெயிச்சீங்களோ அதை விட்டு விலகுனா எம்.பி. இடம் காலி, இடைத்தேர்தல். 2020ல எம்.பி.ங்க தாவி அரசாங்கமே கவுந்த ஷெரட்டன் கூத்தைப் பாத்த நம்ம எல்லாருமே அந்தச் சட்டத்துக்குக் கை தட்டுனோம், நானும் தட்டுனேன். ஆனா அதோட நிழல் இங்கயும் விழுது. காசுக்குத் தாவுறவனுக்கும் கொள்கைக்காக வெளியேறுறவனுக்கும் அந்தச் சட்டத்துல ஒரே தண்டனை. கட்சியே நீக்குனா மட்டும் சட்டப்படி இடம் தங்கும், அதனால எதிர்த்துப் பேசுற ஆளை நீக்காம ஒரு மூலையில உக்கார வெச்சுடலாம், அடுத்த தேர்தல்ல கடிதம் கொடுக்காம விட்டா முடிஞ்சுது.

அப்ப சின்னக் கட்சிங்களே வேஸ்டா? அதுவும் இல்ல. இங்கதான் எனக்கும் என் நண்பர் ஒருத்தருக்கும் வருசக்கணக்கா சண்டை. அவரு ஜ.செ.க கிளையில இருக்காரு, "ஜெயிக்காத கட்சி கட்சியே இல்ல லா" அப்படிம்பாரு. நான் அவருக்குச் சொல்றது குறைந்தபட்ச சம்பளக் கதை. பி.எஸ்.எம், தொழிற்சங்கக் காங்கிரஸ், தோட்டத் தொழிலாளர் குழுக்கள்னு எத்தனையோ வருசம் மறியல், மகஜர், கையெழுத்து, அப்ப ஆளுங்கட்சி முதலாளிங்க ஓடிப்போயிடுவாங்கன்னு பயந்துச்சு. 2011ல சட்டம் வந்துச்சு, 2013ல தீபகற்பத்துக்கு 900 வெள்ளி, 2022ல 1,500, 2025 பிப்ரவரியில இருந்து 1,700. கொண்டு வந்தது நஜிப் அரசாங்கம், ஏத்துனது அடுத்தடுத்து வந்தவங்க. கேட்டுக் கேட்டு வாய் வலிச்ச பி.எஸ்.எம்முக்கு இன்னிக்கு ஒரு சட்டமன்ற இடம் கூட கிடையாது, ஆனா அந்தக் காசு மாசா மாசம் என் பக்கத்து வீட்டு கார்டு அண்ணன் பேங்க்ல விழுது.

இந்தியர் உரிமைக்காக வந்த இண்ட்ராப் இயக்கமும் அப்படித்தான், 2007 நவம்பர் 25 கோலாலம்பூர் ரோட்டுல இறங்குனப்ப அது கட்சி இல்ல. மூணரை மாசத்துல தேசிய முன்னணி மூணுல ரெண்டு பெரும்பான்மையை இழந்துச்சு, 222ல 140. எப்ப அதைக் கட்சியா மாத்தப் பாத்தாங்களோ அப்ப மக்கள் சக்தி ஒரு பக்கம், மனித உரிமைக் கட்சி ஒரு பக்கம், 2013ல தேசிய முன்னணியோட ஒப்பந்தம் போட்டு வேதமூர்த்தி துணை மந்திரி ஆகி அடுத்த பிப்ரவரியில ராஜினாமா. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன், கண்ணீர்ப்புகை குடிச்சவன், அதனால இதைச் சொல்ல எனக்குச் சந்தோசமா இல்ல.

என் கருத்து என்னன்னு கேட்டா இதுதான். அமெரிக்காக்காரன் பெரிய கட்சியைத் திருத்துறேன்னு போனா அவனுக்கு அங்க சாவி இருக்கு, பிரைமரி. நம்ம கட்சிங்கள்ல தனியாளா போற முற்போக்காளனுக்குச் சாவியே இல்ல, கட்சிதான் அவனைத் திருத்தும். புதுக் கட்சிக்கு ஊராட்சித் தேர்தலும் இல்ல, விழுக்காட்டுக் கணக்குல இடம் ஒதுக்குற முறையும் இல்ல, அதனால வெறும் கட்சியா நின்னா டெபாசிட் கட்டிக்கிட்டே இருக்கலாம். நடுவுல ஒரு வழி இருந்துச்சு, 2008ல ஜெயக்குமார் போன வழி, அமைப்பு தன்னோடது, சின்னம் இரவல். நான் இன்னிக்கும் அந்த வழிதான்ங்கிறேன். 2018ல பி.எஸ்.எம் தனியா நின்னது மானப் பிரச்சனை, அந்த வலி புரியுது, உள்ள போயி கரைஞ்சுடக் கூடாதுன்னு பயம், அதுவும் நியாயம், ஆனா ஓட்டுப் போடுறவன் ஓட்டுச் சீட்டுல படத்தைத்தான் பாக்குறான். இரவல் வாங்கும்போது பேரம் பேசணும், வாய் வார்த்தையில இல்ல, எந்தத் தொகுதி, எந்த மசோதாவுல தனியா ஓட்டுப் போட உரிமை, எல்லாம் எழுத்துல. அந்தப் பேரத்துக்கு நமக்குப் பின்னாடி ஒரு தொகுதியில நாலாயிரம் ஐயாயிரம் ஓட்டு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும். அது இல்லாதவன் பேசுனா தே தாரேக் வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவாங்க.

அதோட பெரிய கட்சிக்கு உள்ள இருக்கிற நம்ம ஆளுங்க ஒரே ஒரு விசயத்துக்குச் சண்டை போட்டா போதும்னு நினைக்கிறேன், மத்த தீர்மானம் எல்லாம் மாநாட்டுல கை தட்டி முடிஞ்சுடும்: வேட்பாளரைத் தொகுதி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும். ஊராட்சித் தேர்தல் வேணும்னு மேடையில பேசுற கட்சிங்க தங்களுக்குள்ள இதைச் செய்ய நீதிமன்ற அனுமதி எதுவும் தேவையில்ல.

இதை எல்லாம் அக்கா மகன்கிட்ட ஒரு ஞாயித்துக்கிழமை பிறையில ரொட்டி சானாய் கடையில உக்காந்து சொன்னேன். கேட்டுட்டு, "சரி மாமா, எங்க பிளாட்ல ரெண்டு லிஃப்ட்ல ஒண்ணு எட்டு மாசமா ஓடல, நிர்வாகக் குழுவுக்கு அடுத்த மாசம் தேர்தல், அதுல நிக்கலாமா?" அப்படிங்கிறான். எத்தனை வீடுடான்னு கேட்டேன். முந்நூத்தி சொச்சமாம். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட எத்தனை நாள் ஆகும்னு அங்கயே போன்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தான், ரொட்டி ஆறிப்போச்சு.